தகராறு பண்ணாதவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் திருச்சபையில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியாது. "தகராறு" என்று சொல்லிப் பாருங்கள். கிழக்குத் தாம்பரத்தின் அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் "ஓ, அந்த எக்ஸ்சேஞ்ச் அம்மாவா" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: ஒரு கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், அதே குரலில் மறுபடி கேட்பார். அப்போதும் வராவிட்டால் இன்னொரு தடவை. இதற்குத்தான் அந்தப் பட்டம்.

ஒல்லியான உடம்பு, கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஹெட்செட் மாட்டி மாட்டி உச்சந்தலையில் முடி ஒரு கோடாகப் படிந்திருக்கும். சேலையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், படுக்கையில் கிடந்த தன் அம்மாவோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் இல்லாத இடத்தில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு லைன் கிடைத்தால் ஒரே இரைச்சல். எதிர்முனையில் இருக்கிற ஆபரேட்டருக்குக் கேட்கும் வரைக்கும் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அவருடைய வேலை. அதில் கோபத்துக்கு இடமே இல்லை. கேட்கவில்லை என்றால் லைன் சரியில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டும். மனிதர்களையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது அவருக்குப் புரிய நாளாயிற்று.

"பார்க்கலாம்" என்பதை அவர் பதிலாகவே ஏற்றுக்கொள்ள மாட்டார். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் எங்கள் இரண்டு தெருவையும் மாதக்கணக்கில் "பார்க்கலாம்மா" என்று அலைக்கழித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இவர் கேட்டார்: "நாளைக்கு வர்றீங்களா, வர மாட்டீங்களா?"

"பார்க்கலாம்மா."

"நாளைக்கு வர்றீங்களா, வர மாட்டீங்களா?"

"அதான் சொல்றேனேம்மா, பார்க்கலாம்னு."

"நாளைக்கு வர்றீங்களா, வர மாட்டீங்களா?"

அந்த ஆள் அன்று சாயங்காலமே வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனார். தெருவே அவரைப் பிடித்துத் தங்கள் வீட்டுக் குழாயையும் சரி பண்ணிக்கொண்டது. பண்ணிக்கொண்டு, "இவங்ககிட்ட யார் வாய் கொடுக்கிறது" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் அதே தெருதான்.

கல்லூரிக்கு நானும் டியூட்டிக்கு அவருமாக ஒரே எலெக்ட்ரிக் டிரெயினில் போன நாட்கள் உண்டு. ஒரு நாள் தாம்பரத்தில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒரு ஆள் ஏறிக் கதவோரமாக நின்றுகொண்டான். இவர் எழுந்து போய், "இது லேடீஸ் கம்பார்ட்மென்ட். இறங்கிக்கோங்க" என்றார். அவன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். சானடோரியம் வந்தது. "இது லேடீஸ் கம்பார்ட்மென்ட். இறங்கிக்கோங்க." அவன் திரும்பி, "இன்னாமே, சொம்மா தகராறு பண்ணிகினு கீறே? வூட்டாண்ட சண்ட புடிக்க ஆள் இல்லியா?" என்றான். இவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். குரோம்பேட்டையிலும் அதே வார்த்தை. பல்லாவரம் வந்ததும் அவன் இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு ஓடினான். பெட்டியில் அத்தனை பெண்கள் இருந்தோம். அவரைத் தவிர ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவன் இறங்கிய பிறகு, "இவ்வளவு பிடிவாதம் பொம்பளைக்கு ஆகாது" என்றாள் ஜன்னலோரம் சௌகரியமாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா.

இந்தத் "தகராறு" என்ற சொல் பல வருஷம் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. பிறகு நான் தமிழ் டீச்சராகிக் கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே கணக்கு எடுத்த டீச்சர் பல்லாவரத்துக்காரி, வீட்டில் உருது பேசுகிறவள். அவளிடம் ஒரு நாள் கேட்டேன். "தக்ரார்தான் டீச்சர் அது. எங்க வீட்லயும் சண்டைன்னுதான் அர்த்தம். ஆனா மூலம் அரபின்னு எங்க அப்பா சொல்வாரு. அரபில அதுக்கு அர்த்தம் சண்டை இல்ல. திரும்பச் சொல்றது, அவ்வளவுதான்" என்றாள்.

திரும்பச் சொல்வது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திரும்பச் சொல்வது எப்படிச் சண்டையானது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதை நான் என் கண்ணாலேயே பார்த்தவள். முதல் தடவை கேட்டால் கேள்வி. இரண்டாம் தடவை கேட்டால் திமிர். மூன்றாம் தடவை கேட்டால் தகராறு. பதில் சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டு உத்தமனாக உட்கார்ந்திருக்கலாம். பிணக்கு என்று நமக்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதையும் பிணங்குவது என்பார்கள். பிணக்குக்கு இரண்டு பேர் வேண்டும், பழியிலும் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. தகராறு அப்படியில்லை. அதை "பண்ண" ஒருத்தி போதும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அக்காவுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தபோது அப்பா அதை அலமாரியில் வைத்துவிட்டார். "பார்க்கலாம்" என்றார். இது எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் காதுக்கு எட்டியது. டியூட்டி முடிந்து போகிற வழியில் எங்கள் கேட்டருகே நின்றார். குடையை மடக்கினார். "சார், பொண்ணை டிரெய்னிங் அனுப்புறீங்களா, இல்லையா?"

"யோசிச்சுகிட்டிருக்கேம்மா."

மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. அதற்கு மறுநாளும். அந்த வாரத்துக்குள் அப்பா "அனுப்பறேன், போதுமா?" என்று உறுமினார். "போதும் சார். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அக்கா வேலைக்குப் போனாள். காலையில் அவள் ஜடை பின்னிக்கொண்டு பாடுவதை நாங்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். அப்பா மட்டும் அந்தக் கேட் சம்பவத்தை மறக்கவில்லை.

பட்டப்பெயரை வைத்தவர் எங்கள் சபையின் கமிட்டி செக்ரட்டரி. சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் முதலில் தானே ஸ்தோத்திரம் சொல்வார். சபையின் வருடாந்தரக் கூட்டத்தில், "கமிட்டியில ஏன் ஒரு பெண்கூட இல்லை?" என்று எக்ஸ்சேஞ்ச் அம்மா எழுந்து கேட்டார். செக்ரட்டரி, "அசனக் கமிட்டி முழுக்க சிஸ்டர்ஸ்தானே, அவங்க இல்லைன்னா நமக்குச் சாப்பாடு ஏது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இவர் மறுபடி, "கமிட்டியில ஏன் ஒரு பெண்கூட இல்லை?" என்றார். "ஆரம்பிச்சிடுச்சுப்பா தகராறு" என்றார் செக்ரட்டரி, மைக்கில். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். தேவனுடைய பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் செக்ரட்டரியின் அண்ணன் மகனுக்குத்தான் அக்காவைப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தலையாட்டினார். அதோடு, காபி ஆறிவிட்டது என்று அந்த மாப்பிள்ளை தன் அம்மாவையே அத்தனை பேர் முன்னால் அதட்டியதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் "வேண்டாம்" என்றாள். அம்மா, "அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றாள். எங்கள் வீட்டில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் இருந்த இவரிடம்தான் அக்கா அழுதிருக்கிறாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம், சர்ச்சைக் கோயில் என்போம். ஆராதனை நடுவில் ஐயர் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது என்று அறிவித்துவிட்டு, இதற்குத் தடை சொல்ல யாருக்காவது நியாயமான காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கேட்பார். யாரும் தெரிவித்ததில்லை. கேட்டு முடிப்பதற்குள் அடுத்த பாட்டுக்கு ஆர்கன் தொடங்கிவிடும்.

இதில் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தன் ஓலையைத் தானே கேட்பது பெண்ணுக்கு அடக்கமில்லையாம். அதனால் ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போக மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். ஆட்சேபம் சொல்லக்கூடிய ஒரே ஆளை வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

முதல் ஞாயிறு. ஐயர் வாசித்தார், கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து இவர் எழுந்தார்.

"பெண்ணைக் கேட்டீங்களா, ஐயரே?"

கோயில் முழுக்கத் திரும்பியது. ஐயர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். அவர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி தன் இடத்திலிருந்தே, "உட்காருங்கம்மா, ஆராதனை நடக்குது. தகராறு பண்ணாதீங்க" என்றார். அம்மா என் கையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். ஆர்கன் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நான் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வெங்காயக் கையோடு, "எழுந்து நின்னு கேட்டாங்களா? எல்லார் முன்னாலயுமா?" என்று திரும்பக் கேட்டாள்.

இரண்டாம் ஞாயிறு அதேபோல எழுந்தார். அதே கேள்வி. இந்தத் தடவை செக்ரட்டரி எழுந்து நடந்து போய், அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, "உட்காரு" என்றார். "உட்காருங்க" இல்லை, "உட்காரு". ஆராதனை முடிந்ததும் ஐயர் தன் அறைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, "பெண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டாராம். "என் பொண்ணுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா ஐயரே?" என்றாராம் அப்பா. ஐயருக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறுக்குச் செக்ரட்டரி ஒரு வேலை செய்தார். எங்கள் கோயிலில் விடியற்காலையில் ஒரு இங்கிலீஷ் ஆராதனை உண்டு, ஏர்ஃபோர்ஸ் குடும்பங்கள்தான் அதிகம் வரும். ஓலையை அங்கே மாற்றி, எங்கள் வீட்டாரையும் அதற்கே வரச் சொல்லிவிட்டார். அன்று இவருக்கு நைட் ஷிஃப்ட் என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். ஐயர் இங்கிலீஷில் வாசித்துத் தலை நிமிர்ந்தபோது, பின்கதவு வழியாகக் குடையோடு இவர் உள்ளே வந்தார். அக்கா எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள். தூக்கமில்லாத கண். டியூட்டிச் சேலை கசங்கியிருந்தது. நடந்துகொண்டே தமிழில் கேட்டார்:

"பெண்ணைக் கேட்டீங்களா, ஐயரே?"

ஏர்ஃபோர்ஸ்காரர் ஒருவர் செக்ரட்டரியிடம் என்ன விஷயம் என்று கேட்டார். செக்ரட்டரி நெற்றிப் பக்கம் விரலை வைத்துக் காட்டி, "கொஞ்சம் மனநிலை சரியில்லாதவங்க" என்று மெதுவாகச் சொன்னார். அது என் காதில் விழுந்தது. இவர் காதிலும் விழுந்திருக்கும். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபம் நடக்கும்போது எங்கள் ஆட்கள் யாரும் பேச மாட்டார்கள், இவரும் பேசவில்லை.

கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் நிறுத்தி அக்காவைக் கேட்டார்களே என்பார்கள். கேட்டார்கள். கோயில் கொள்ளாத கூட்டம், வெளியே பிரியாணி வெந்துகொண்டிருக்கிறது, அப்பா முதல் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பெயர் கேட்பதா? அக்காவின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று அடுத்து நின்ற எனக்கே கேட்கவில்லை. ஐயர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

சபையில் குழப்பம் உண்டாக்கினார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் இவருக்கு நற்கருணை கிடையாது என்று கமிட்டி முடிவு செய்தது. "எந்தத் தப்புக்கு மன்னிப்பு?" என்று கமிட்டியைக் கேட்டார். ஒவ்வொரு மாதமும் எல்லாரும் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் வரிசையாக முன்னால் போகும்போது, அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்விடவில்லை. அம்மா அந்தப் பெஞ்சைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வாள். அவருடைய அம்மா செத்த பிறகு கேளம்பாக்கம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வழியனுப்பச் சபையிலிருந்து ஒரு ஆள்கூடப் போகவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அக்கா ஒரு சூட்கேஸோடு பம்பாயிலிருந்து தனியாக வந்து இறங்கினாள். காதோரம் ஒரு தழும்பு. எப்படி என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் முதலில் திட்டியது அந்த மாப்பிள்ளையை இல்லை. "ஓலை வாசிக்கிறப்பவே அந்தத் தகராறு எழுந்து நின்னா பாரு, அபசகுனமா. அவ வாய்தான் பலிச்சுது" என்றார்கள். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அஞ்ஞானம் என்று மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு மட்டும் சகுனத்தில் எங்களுக்குப் பலத்த விசுவாசம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செக்ரட்டரியும் ஐயரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவைத் திரும்ப அனுப்பி வைக்கப் பேச்சு. அப்பா, செக்ரட்டரி, ஐயர் மூன்று பேரும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா உள்ளறைக் கதவோரம் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால். "புருஷன் பொண்டாட்டின்னா பிணக்கு வரத்தான் செய்யும்" என்று செக்ரட்டரி பூசி மெழுகினார். "பையனுக்கு நான் புத்தி சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை டிரெயின்ல அனுப்பி வெச்சிடுங்க." அப்பா சரி என்றார். ஐயர் ஜெபம் பண்ணக் கையைக் கூப்பினார்.

அம்மா டீத் தட்டோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"அவளைக் கேட்டீங்களா?"

அப்பாவுக்கு ஒரு கணம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. பிறகு, "நீயும் தகராறு பண்ண ஆரம்பிச்சிட்டியா? உள்ள போ" என்றார்.

அம்மாவின் முந்தானை நுனி அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்த்தாள்.

"அவளைக் கேட்டீங்களா, ஐயரே?"

ஐயர் கூப்பிய கையைப் பிரித்தார். அவருக்கு முகம் வியர்த்திருந்தது. நாற்காலியை உள்ளறைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "போறியாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"போக மாட்டேன்."

அவ்வளவு தெளிவாக, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பா எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். செக்ரட்டரி மட்டும் அந்தச் சிரித்த முகம் மாறாமல், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்றார்.

அக்கா கதவை விட்டு முன்னால் வந்தாள்.

"அன்னைக்கு என்னைக் கேக்கச் சொல்லி ஒருத்தங்கதான் எழுந்து நின்னாங்க, அங்கிள். அவங்களை நீங்கதான் உட்கார வெச்சீங்க."